பெயர் தெரியாத பேஸ்காரருக்காக மாற்றிய கம்பிகள்

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் எந்தப் பாட்டு எந்தச் சுருதி என்று கையகலத் தாளில் குறித்துக்கொள்ளத்தான். மேடையிலும் டிரம்ஸுக்குப் பின்னால் பாதி மறைந்தே நின்றவள், உங்கள் முன்னால் வந்து புத்தி சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் மேடையில் வாசிப்பதை நிறுத்தியவர்கள் ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று எங்கள் இசைக் கலைஞர் சங்க மலருக்காகக் கேட்டுவிட்டார்கள். முடியாது என்று நேரில் நின்று சொல்வதைவிட எழுதிக் கொடுப்பது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

மெல்லிசைக் குழுக்களுக்கு இப்போது புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். எப்படி வாசிப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனில் எல்லாம் வருகிறது. கம்பி வாங்குவதைப் பற்றி மட்டும், நான் நிறுத்துவதற்குச் சில வருடம் முன்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில்தான் எனக்குப் பகல் வேலை. கச்சேரி இருந்தால் அன்றைக்கு விடுப்பு. பாட வருமா என்று கேட்டுத்தான் குழுவில் சேர்த்தார்கள். கொஞ்சம் வரும். ஆனால் பாடினால் எல்லோரும் முகத்தையே பார்ப்பார்கள். பாட்டுக்கு அடியில் கனமாக ஒலிக்கிற பேஸ் கிட்டாரை வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. கல்யாண வீடியோவில்கூட நான் வரமாட்டேன், என் முழங்கை மட்டும் வரும். அதற்காகவே அதைக் கையில் எடுத்தேன். பிறகு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

ஆசை வரக் காரணம் ஓர் ஆள். பெயர் தெரியாது. பழைய கேசட் உறைகளில் பாடியவர் பெயர் இருக்கும், இசையமைத்தவர் பெயர் இருக்கும், பேஸ் வாசித்தவர் பெயர் இருக்காது. ஆனால் அவர் வாசித்த பாட்டு எது, மற்றவர் வாசித்தது எது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நிறைகுடத்தை விரல் முட்டியால் தட்டியது போல ஒரு சத்தம். தட்டியதும் நின்றுவிடும், இழுக்காது. அவர் வாசித்த ஒரு பாட்டில், பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பேஸ் மட்டும் தனியாகச் சிறிது தூரம் நடந்து வரும். பக்கத்தில் வேறு கருவியே இருக்காது. அந்த நடைக்காகவே அந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

எங்கள் குழுவை நடத்தியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கீபோர்டு வாசிப்பவர், நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபம். அவர் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கினார். அதில் இடது கையால் பேஸ் வாசிக்கலாம். சில குழுக்களில் அப்போதே பேஸ் கிட்டாருக்கு ஆள் வைப்பதை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அது தெரியும். ஒருநாள் ஒத்திகை முடிந்து நான் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்து நின்றார்.

"சாந்தி, ஒனக்கே தெரியும். பேஸு இந்தப் பொட்டியிலயே வருது. வண்டியிலயும் எடம் பத்தல."

நான் தலையாட்டினேன்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு மணிவிழா வந்திருக்கு. அந்தப் பெரியவரு பழைய பாட்டாத்தான் கேக்காரு. அதுக்கு மட்டும் நீ வா. பொறவு பாத்துக்கிடலாம்."

பொறவு பாத்துக்கிடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களில் கொஞ்ச நாள் அனுபவம் இருப்பவர்களுக்கும் தெரியும். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் பாட்டுப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் முதல் பாட்டே அந்தப் பாட்டு, பேஸ் தனியாக நடக்கிற பாட்டு. கடைசியாக ஒரு தடவையாவது அதை அந்த ஆள் வாசித்த சத்தத்திலேயே வாசித்துவிட வேண்டும் என்று தோன்றியது. கடைசி என்றால் கடைசியாகவே இருக்கட்டும். ஆனால் மாஸ்டர் காதில் அது விழ வேண்டும். பெட்டியில் வருவது வேறு, இது வேறு என்று அவருக்குத் தெரிய வேண்டும். வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது, வாசித்துத்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் முதல் தப்பு. போனில் பார்த்த வீடியோவில் ஒருவர், கம்பி பழசானால் சத்தம் செத்துவிடும், புதுக்கம்பி போட்டால்தான் உயிர் வரும் என்று அழகாகப் பேசினார். நானும் இருப்பதிலேயே பளபளப்பான எஃகுக் கம்பியை வரவழைத்து மாட்டினேன். ஒத்திகையில் ஒரு தட்டுத் தட்டியதும் டிரம்ஸ் வாசிக்கிற மாரி திரும்பிப் பார்த்தான்.

"யக்கா, என்னக்கா இது! பாத்திரக்கடைக்குள்ள மாடு புகுந்த மாதிரி கணீர்னு இருக்கு!"

பாராட்டித்தான் சொன்னான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுவரை யாரும் என் சத்தத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, நான் வாசித்ததைப் போனில் பதிந்து, பழைய பாட்டையும் அதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மாரி சொன்னது முழுக்கச் சரி. பாத்திரக்கடைதான். அந்த ஆளின் குடத்தை எங்கும் காணோம். போதாததற்கு, விரலை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும்போதெல்லாம் கீச் கீச் என்று எலி கத்தியது.

தம்பிகளே, பக்கத்தில் இருப்பவர் பாராட்டினால் அது நமக்கு வேண்டிய சத்தம் என்று ஆகிவிடாது. நாம் எதைத் தேடிப் போனோம் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கம்பி மங்கலாகக் கேட்க வேண்டுமென்றால் எண்ணெய் தடவலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். தேங்காயெண்ணெய் தடவினேன். விரல் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு எங்கேயோ போனது. மாரி பார்த்துவிட்டு, "என்னக்கா, சனிக்கெழம பாத்து கிட்டாருக்கு எண்ண தேச்சுவிட்டிருக்கிய. சீயக்கா வாங்கியாரவா?" என்றான். குழு முழுவதும் சிரித்தது. மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு வழி காட்டியது எங்கள் மைக் செட்காரர் சாகுல் பாய். என் வயதுதான் இருக்கும். மேடை போடுவதில் இருந்து ஒயர் சுருட்டுவது வரை வாய் ஓயாமல் பேசுவார். அவர் ஸ்பீக்கர் சரிபார்க்கிற இடத்துக்குப் போய், கேசட்டில் கேட்கிற மாதிரி பேஸ் வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சாந்திம்மா, கேசட்டுல எல்லாமே மங்கித்தானே கேக்கும்? நீங்க கேக்குறது கம்பிச் சத்தமா, கேசட்டுச் சத்தமா? அத மொதல்ல பிரிங்க."

"அத எப்படிப் பிரிக்க?"

"டிரம்ஸ்ல தட்டு அடிக்கான் பாருங்க, ஜில்லு ஜில்லுனு. அந்தத் தட்டும் மங்கிக் கேட்டா எல்லாம் கேசட்டு பண்ண வேல. தட்டு பளிச்சுன்னு கேட்டு, பேஸு மட்டும் மங்கிக் கேட்டா அது அந்த மனுசன் வேல."

வெகு நாளாக அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன், ஆனால் ஒரு நாளும் தட்டைக் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். தட்டு பளிச்சென்று, மழைத்துளி தகரத்தில் விழுவது போல இருந்தது. அப்படியென்றால் பேஸின் மங்கல் கேசட்டால் வந்ததில்லை. அவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டது. இன்னொன்றும் கவனித்தேன். அவர் விரல் அவ்வளவு தூரம் நகர்ந்து போகிறது, எலி ஒரு இடத்திலும் கத்தவில்லை. அந்தக் கம்பியில் சொரசொரப்பே இல்லை.

சாதாரணக் கம்பியைத் தடவிப் பாருங்கள், திருகாணி போல வரிவரியாக இருக்கும். மேலே சுற்றியிருப்பது உருண்டைக் கம்பி. இன்னொரு வகையில் தட்டையான பட்டைக்கம்பியைச் சுற்றியிருப்பார்கள். தடவினால் வளையல் போல வழவழவென்று இருக்கும். தட்டைக் கம்பி என்று மதுரைக் கடையில் கேட்டேன். அதை இப்போது யாரும் கேட்பதில்லை, வரவழைத்துத்தான் தர வேண்டும் என்றார்கள். வந்து சேர்ந்தது மணிவிழாவுக்கு முந்தின நாள். அன்று சாயங்காலமே மாட்டினேன். என் அறையில் தனியாக வாசித்தால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. பயம் வந்துவிட்டது. கழற்றிய எஃகுக் கம்பியையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மண்டபம் உயரமான கூரையும் பளிங்குத் தரையுமாக இருந்தது. பேசினால் பேச்சு நம்மிடமே திரும்பி வரும். காலையில் சடங்கெல்லாம் முடிந்து, பதினொரு மணிக்குப் பாட்டு, பிறகு சாப்பாடு என்று ஏற்பாடு. விழா எடுத்துக்கொண்ட பெரியவர் மகாராஜபுரத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் குளிரில் இருந்தபோது இந்தப் பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாராம். அவர் குறித்துக் கொடுத்த பாட்டில் ஒன்றைக்கூட மாற்றக் கூடாது என்று மகன்கள் மாஸ்டரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள்.

மேடையில் எல்லாவற்றையும் மாட்டி, சத்தம் பார்த்தோம். நான் வாசித்ததும் மாஸ்டர் முகம் சுருங்கியது.

"ஏட்டி சாந்தி, என்ன சத்தம் செத்துக் கெடக்கு? கம்பிய மாத்துனியா?"

"ஆமா மாஸ்டர்."

"மொத பாட்டே பேஸ்தான் எடுத்துக் குடுக்கணும். இன்னைக்கா வெளையாடுவ? பழைய கம்பி இருக்கா?"

"இருக்கு."

"மாட்டு. இல்லைன்னா சொல்லு, அத நான் பொட்டியில வாசிச்சிருதேன்."

மாஸ்டர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசி எனக்குப் பழக்கமே இல்லை. பையைத் திறந்துவிட்டேன், சுருட்டிய கம்பி கைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நானும் மாஸ்டரும் என் சிறிய ஸ்பீக்கருக்கு ஓரடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பாட்டைக் கேட்கப்போகிறவர்கள் அங்கே, நாற்காலிகளில் இருக்கிறார்கள். பேஸ் சத்தம் பக்கத்தில் ஒன்றாகவும் தள்ளிப் போனால் வேறாகவும் இருக்கும். அறையில் கேட்டதும் மேடையில் கேட்டதும் இன்னும் தீர்ப்பு ஆகாது. கம்பியைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அங்கே போய்க் கேட்க வேண்டும்.

சாகுல் பாயிடம் மெல்லப் போனேன். "பாய், இருக்கிறதுலயே நீளமான ஒயர் குடுங்க."

"எம்புட்டு நீளம்?"

"நடு மண்டபம் வரைக்கும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும். சுருளைப் பிரித்து ஒயரை எடுத்துக் கொடுத்தார்.

கிட்டாரைத் தோளில் போட்டபடி மேடையை விட்டு இறங்கினேன். மண்டபம் பாதி நிறைந்திருந்தது. பட்டுச்சேலைகள் எல்லாம் திரும்பின. வீடியோக்காரர் விளக்கை என் பக்கம் திருப்பினார். ஒரு பாட்டியம்மா, "ஏட்டி, பந்தி இன்னும் போடலையே, அதுக்குள்ள எங்க போற?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டே போய் நடு மண்டபத்தில் நின்று, அந்த நடையை வாசித்தேன்.

அட்டைப்பெட்டி இல்லை. குடம்தான். ஆனால் குடத்தைத் தட்டியதும் அது நிற்காமல் கூரைக்குப் போய்த் திரும்பி வந்து, அடுத்த தட்டின்மேல் விழுந்து குழம்பியது. எஃகுக் கம்பியாக இருந்திருந்தால் இந்த மண்டபமே பாத்திரக்கடை ஆகியிருக்கும். ஆக, கம்பி சரி. இழுப்பதுதான் தப்பு. அந்த ஆள் தட்டியதும் நிறுத்துகிறாரே, எப்படி நிறுத்தினார்? விரலால் இவ்வளவு சுத்தமாக நிறுத்த முடியாது. கம்பிக்கு அடியில் எதையோ வைத்திருக்கிறார். அது எனக்கு அந்த இடத்தில், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விளங்கியது.

என் இடுப்பில் வேர்வை துடைக்கப் பேண்டேஜ் துணி இருந்தது. எங்கள் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்குக் கைக்குட்டை அதுதான். அங்கேயே அதை விரல் கனத்துக்குச் சுருட்டி, கம்பிகள் முடிகிற இடத்துக்கு அருகில் அடியில் சொருகினேன். வாசித்தேன். தொம், நின்றது. தொம், நின்றது. சத்தம் கொஞ்சம் அதிகமாகச் செத்தது, துணியில் ஒரு சுற்றைப் பிரித்தேன். மறுபடி வாசித்தேன்.

சாகுல் பாய் அங்கிருந்தே கையை உயர்த்திக் காட்டினார்.

மேடைக்குத் திரும்பியதும் மாஸ்டர் கேட்டார். "கம்பிய மாத்தலையா?"

"மாத்தல மாஸ்டர். இதுதான் சரி. அங்க நின்னு கேட்டேன்."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. கிட்டாரில் தொங்கிய பேண்டேஜ் துணியைப் பார்த்தார். "என்னட்டி, கிட்டாருக்குக் காயமா?" என்றார். நேரம் ஆகிவிட்டது, பெரியவரும் அவர் வீட்டம்மாவும் மாலையோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டருக்கும் வேறு வழியில்லை.

பாட்டைத் தொடங்கினேன். பேஸ் மட்டும் நடந்தது. பாடகர் வாயைத் திறக்கப் போகிற நேரம், பெரியவர் கையை உயர்த்திக்கொண்டு எழுந்தார்.

"நிறுத்துங்கலே!"

எல்லாம் நின்றது.

"நான் பாட்டுக் கச்சேரிதான கேட்டேன்? கேசட்டப் போட்டு ஏமாத்துதியளா? இது அந்த ரெக்கார்டுல வாரதுல்ல? எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் பதறிவிட்டார். "ஐயா, சத்தியமா இல்லைங்கய்யா."

"அந்தப் பொட்டியில பதிஞ்சு வச்சிருக்கிய."

மாஸ்டர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "ஐயா, என் கை இந்தா இருக்கு. இந்தச் சத்தம் பொட்டியில வராதுங்கய்யா. அந்தா, பின்னால நிக்கே, அந்தம்மா வாசிக்குது."

மைக்கில் சொன்னார். மண்டபம் முழுவதும் கேட்டது. சொன்ன பிறகு அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும், கையை மெதுவாக இறக்கினார்.

பெரியவரின் வீட்டம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க. அவிய நல்லாத்தான வாசிக்காவ? கல்யாணத்தன்னைக்கு எங்கப்பா போட்ட நகையவே ஒரசிப் பாத்த ஆளுல்ல நீங்க."

மண்டபமே சிரித்தது. பெரியவர் உட்காரவில்லை. மேடைக்கு ஏறி வந்தார், டிரம்ஸைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "வாசிம்மா பாப்போம்" என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். மாரி தன் தட்டைக் கையால் பிடித்து அமர்த்திக்கொண்டான். யாரும் துணைக்கு வரவில்லை. எத்தனையோ காலமாக எதற்குப் பயந்து ஒளிந்திருந்தேனோ அது வந்துவிட்டது. மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் பெரியவரின் மாலையில் இருந்த ஒரு ரோஜாவை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த நடையை முதலில் இருந்து கடைசி வரைக்கும் வாசித்தேன். ஒரு விரலும் தடுக்கவில்லை.

பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், குழுத் தலைவருக்குப் போடுவதற்காகத் தட்டில் வைத்திருந்த பொன்னாடையை எடுத்து வரச் சொல்லி என் தோளில் போட்டார்.

"அங்க பனியில இதக் கேட்டுக்கிட்டுத்தான் முழிச்சிருப்பேன்மா. இந்தப் பாட்டுக்கு யாரு யாரையோ வாசிக்கச் சொல்லிப் பாத்திருக்கேன். இது ஒருத்தருக்கும் வந்ததில்ல."

கைத்தட்டல் மேலே போய்க் கூரையில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கீழே இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஓடவில்லை. தலையை நிமிர்த்தித்தான் நின்றேன் என்று மாரி பிறகு சொன்னான். அன்றைக்கு அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தடவையும் கேட்டு வாங்கினார்கள். இரண்டாம் தடவை வாசிக்கும்போது மாஸ்டர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்தார்.

உங்களுக்கும் பிடித்த வாசிப்பாளர் யாராவது இருப்பார். அவர் என்ன கம்பி போட்டார் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள், போனைக் கேட்காதீர்கள். முதலில் அவர் பாட்டில் மற்றக் கருவிகள் எப்படிக் கேட்கின்றன என்று பாருங்கள். பிறகு அவர் விரல் நகரும்போது என்ன கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பாருங்கள். கம்பியை மாட்டிய பிறகு அறையில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெட்கத்தை விட்டு, கேட்பவர்கள் உட்காருகிற இடத்துக்குப் போய் நின்று கேளுங்கள். எனக்கு முடிந்தது என்றால் உங்களில் யாருக்கும் முடியும்.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல வேலைக்குப் போனேன். மத்தியானம் மாஸ்டர் போன் செய்து, அடுத்த வாரம் சேத்தூரில் கச்சேரி, வியாழக்கிழமை ஒத்திகை, கிட்டாரைக் கொண்டு வந்துவிடு என்றார். சரி என்று சொல்லிவிட்டுத் தறிக்குத் திரும்பினேன்.